வீட்டுக்கு விழுந்த சீட்டு

1957 சனவரி 20, ஞாயிறு

பொங்கலுக்குத் தைக்க வந்த ரவிக்கையெல்லாம் போய்விட்டது. மிஷினுக்கு எண்ணெய் விட்டு, துணி போர்த்தி வைத்தேன். அவருக்கு இன்று ஹார்பரில் வேலை இல்லை. மங்காவைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு காசிமேடு போய் வஞ்சிரம் வாங்கி வந்தார். மூன்று வயதுப் பெண்ணுக்கு மீன்காரிகளிடம் பேரம் பேசத் தெரிகிறதாம், சொல்லிச் சொல்லிச் சிரித்தார். குழம்பு நன்றாகத்தான் வந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை. தீபாவளிக்குப் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை.

"இன்னா பவுனு, எலும்பா பூட்டே" என்றார்.

இரண்டு வாரமாகக் குனிந்தபடியே தைத்தேன், அதுதான் என்றேன்.

பிப்ரவரி 4, திங்கள்

துப்பியதில் ரத்தம். குழாயடிக்கு வேறு யாரும் வருவதற்குள் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

அவரிடம் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 7, வியாழன்

சொன்னேன். கையில் பிடித்த சோற்றை அப்படியே தட்டில் போட்டுவிட்டு எழுந்தார். வேலைக்குப் போகவில்லை. நேராக மார்பு நோய் மையத்துக்குக் கூட்டிப் போனார். நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். சளியைக் கேட்டு வாங்கினார்கள். அடுத்த வியாழன் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

என் சித்தி இந்த நோயில்தான் போனாள். கொல்லைப்புறத்து அறையில் கிடந்தாள், தட்டைக் காலால் தள்ளிவிடுவார்கள். அப்போது நான் சின்னப் பெண். ஏன் தள்ளுகிறார்கள் என்று கூடக் கேட்கவில்லை.

பிப்ரவரி 14, வியாழன்

அதேதான். டி.பி.

டாக்டர் வேதமாணிக்கம் நிதானமானவர். "பயப்படாதீங்கம்மா, இப்ப மருந்து இருக்கு" என்றுதான் தொடங்கினார். எனக்குக் காதில் பாதி விழவில்லை. என் வீட்டுக்காரர்தான் கேட்டுக்கொண்டார். வெளியே வந்தபின் எனக்குத் திரும்பச் சொன்னார்.

விஷயம் இதுதான். புது மாத்திரை வந்திருக்கிறது. சானடோரியத்தில் கட்டிலில் படுக்க வைத்து, பால், முட்டை கொடுத்து இந்த மாத்திரையும் கொடுத்தால் குணமாகிறது. அதே மாத்திரையை வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டால் குணமாகுமா? அது யாருக்கும் தெரியாது. அதைத்தான் பார்க்கப் போகிறார்கள். சம்மதித்தால் மூடிய உறையில் சீட்டு. பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டுக்கு.

டாக்டர் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டரும் உட்கார்ந்திருந்தார். வெயிலில் மூக்கு தோலுரிந்து போயிருந்தது. என் வீட்டுக்காரர் அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்:

"ஐயா, அந்தத் தொரைய ஒண்ணு கேட்டுச் சொல்லுங்கோ. அவுரு சம்சாரத்துக்கு இது வந்தா வூட்லயா வெச்சினு இருப்பாரு?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. டாக்டர் வேதமாணிக்கம் சிரித்து மழுப்பப் பார்த்தார். வெள்ளைக்காரர் விடவில்லை, என்ன கேட்கிறார், என்ன கேட்கிறார் என்று வாங்கிக் கேட்டுக்கொண்டார். கொஞ்சம் யோசித்து மெதுவாகப் பேசினார். டாக்டர் தமிழில் சொன்னார்:

"இல்லைங்கிறார். அவர் நாட்டுல கட்டில் இருக்கு, அனுப்பியிருப்பாராம். ஆனா கட்டில் குணமாக்குதா, மாத்திரை குணமாக்குதான்னு அங்க யாரும் கேட்டுப் பார்த்ததில்லையாம். கேட்க வேண்டிய அவசியம் வரலை. இங்க கட்டிலுக்குக் காத்திருந்தே ஜனங்க செத்துப் போறாங்க. மருந்து இருக்கற காலத்துல அப்படிச் சாகக் கூடாதுங்கிறார். வீட்டுல வெச்சு உடம்பு மோசமானா அன்னைக்கே கட்டில் கொடுக்கறதா வாக்குக் கொடுக்கிறார்."

பஸ் பாரிஸ் கார்னர் தாண்டினதும் இவர் சொன்னார்: "பூசி மெழுகாம நெசத்த சொன்னான் தொரை. அதுக்கோசரமே ஒத்துக்கலாம்."

பிப்ரவரி 18, திங்கள்

வீடு.

எனக்குப் பக்கத்தில் வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண், ராஜாத்தி என்று பெயர், மடியில் தவழுகிற பிள்ளை. அவளுக்கு சானடோரியம் விழுந்தது. அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு அழுதாள். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பொண்ணுக்குக் கட்டிலு, பாலு, முட்ட. உனுக்கு இந்தப் புறாக்கூண்டு. ஏழைன்னா இவ்ளோதான்" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

உறையைப் பிரித்ததும் எனக்குள்ளே ஒரு சந்தோஷம் வந்தது, மங்காவை விட்டுப் போக வேண்டாம் என்று. அடுத்த நிமிஷமே, அவளுக்கு ஒட்டிவிட்டால்? அவளுக்கும் படம் எடுத்தார்கள். இப்போதைக்கு ஒன்றும் இல்லையாம். இப்போதைக்கு. அந்த ஒரு சொல்லைத்தான் சுமந்துகொண்டு வந்தேன்.

பிப்ரவரி 27, புதன்

மாத்திரையா இது? மருந்துத் தூள் அடைத்த கூடு, ஒவ்வொன்றும் கட்டை விரல் தண்டிக்கு. தண்ணீரில் நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்க வேண்டும். விழுங்கினால் வயிறு புரள்கிறது. காலையில் போட்டதை இன்று வாந்தி எடுத்துவிட்டேன்.

மார்ச் 6, புதன்

மையத்திலிருந்து லூயிஸ் நர்சம்மா வந்தார். ராயபுரத்துக்காரர். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, கணீரென்ற குரல். வந்ததும் வராததுமாக ஒட்டிக் கிடந்த ஜன்னலைத் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. இருமினால் வாயைத் துணியால் மூடு, சளியை மூடி போட்ட டப்பாவில் துப்பி எரித்துவிடு, தட்டு டம்ளரைத் தனியாக வைத்துக்கொண்டு உன்னை நீயே ஒதுக்காதே, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்றார். நான் சித்தியைப் பற்றிச் சொன்னேன். "அப்ப மருந்து இல்ல பவுனம்மா. இப்ப இருக்குது. அது வேற காலம்" என்று என் தோளைத் தட்டினார். தொட்டுப் பேசினார்! நோய் என்று தெரிந்தும்.

ஆனால் அந்த வெள்ளைச் சேலை முற்றம் தாண்டிப் போனதை இங்கே குடியிருக்கும் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் வந்து வெட்டாத துணியைத் திருப்பிக் கேட்டார்கள். வாசலுக்கு வெளியே நின்றபடி.

மார்ச் 9, சனி

வீட்டுச் சொந்தக்காரர் எத்திராஜ் வந்தார். அவரும் இதே முற்றத்தில் முதல் வீட்டில்தான் இருக்கிறார். "லோகு, தப்பா நெனைக்காத. பங்குனி முடிய வேற எடம் பாத்துக்கோ. புள்ளகுட்டிங்க கீற எடம்" என்றார். இவர் கெஞ்சவில்லை. அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

டி.பி. வந்த குடும்பத்துக்கு எவன் வீடு கொடுப்பான்? வீட்டில் வைத்து வைத்தியம் என்றார்களே, வீடே இல்லாமல் போனால்?

மார்ச் 10, ஞாயிறு

அவருடைய அக்கா கெங்கம்மா எண்ணூரிலிருந்து வந்தார். மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்ததும் மங்காவைத் தூக்கிக்கொண்டார்.

"கொயந்தைய என்கூட அனுப்பு."

"டாக்டர் இருக்கலாம்னு சொல்லிக்கிறார்க்கா."

"டாக்டரா பெத்தாரு? உன் நெஞ்சுல கீறது அதுக்குப் பூட்டா யாரு பதில் சொல்றது?"

எங்கிருந்து வந்ததோ எனக்கு அவ்வளவு கோபம். "நான் இன்னாக்கா அதக் கொல்றதுக்கா வெச்சினு கீறேன்? நீ இன்னாத்துக்கு இப்டிப் பேசற? பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். கத்தினதும் இருமல். நிற்கவே இல்லை. மங்கா பயந்து அழுதாள். அக்காவும் அழுதார். இவர் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

அனுப்பிட்டேன். நானே துணி எடுத்து வெச்சு, தல வாரி, அனுப்பிட்டேன். பஸ் ஏறும்போது கை ஆட்டினாள், ஊருக்குப் போகிற சந்தோஷம் அவளுக்கு. நான் பண்ணது சரியா? சரியாத்தான் இருக்கணும்.

மார்ச் 12, செவ்வாய்

வீட்டில் சத்தமே இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

லூயிஸ் நர்சம்மா சொல்லாமல் வந்து நின்றார். அழுத முகத்தைப் பார்த்ததும் கேட்டார், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குழந்தையை அனுப்பியது பற்றி என்னைத் திட்டவில்லை. எத்திராஜ் பற்றிச் சொன்னதும்தான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

குழாயடியில் நின்று எல்லோரையும் கூப்பிட்டார். பெண்கள் வந்தார்கள். எத்திராஜும் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"இவளத் துரத்திட்டா நோய் போயிடும்னு நெனச்சுக்கினு இருக்கீங்களா? இவளாவது மருந்து சாப்பிடறா. நாளாக நாளாகக் கிருமி கொறையும். உங்கள்ல யாரு இருமிக்கினு சும்மா கீறீங்களோ, அவங்கள நெனச்சுத்தான் எனக்கு பயம். இவ இங்க வரும்போதே கொண்டாந்தாளா, இல்ல இங்க யார்கிட்டேர்ந்தாவது வாங்கினாளா, யாரு கண்டா? எல்லாரும் வாங்க, படம் எடுத்துப் பாத்துக்கலாம். ஓசிதான்."

"படம் எடுத்து எதுனா தெரிஞ்சா?" என்றார் எத்திராஜ். குரல் நடுங்கியது. அவருக்கும் பயம்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தெரிஞ்சா மருந்து. தெரியலன்னாதான் சாவு" என்றார் நர்சம்மா.

ஹார்பரில் என் வீட்டுக்காரரோடு வேலை செய்யும் கமாலுதீன் அண்ணன் எதிர் வீட்டில் குடியிருக்கிறார். அவர்தான் முதலில் வாய் திறந்தார். "நானும் என் வூட்லயும் வர்றோம்மா. நம்ம கையால எறக்கற மருந்துப் பொட்டிதானே. யாருக்கோ போவுதுன்னு நெனச்சேன், நமக்கும் வருதுன்னா வாணாம்பனா?"

ஏப்ரல் 4, வியாழன்

முற்றம் முழுக்கப் போய்ப் படம் எடுத்து வந்தது. ஒருவருக்கும் இல்லை. ஒருவருக்கும்! கமாலுதீன் அண்ணன் சம்சாரம்தான் வாசலில் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

எத்திராஜ் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. ஆனால், "இருந்துக்கோம்மா. அந்த ஜன்னல் ஒட்டிக்கினு கீதாமே, ஆசாரிய அனுப்பறேன்" என்றார்.

ஏப்ரல் 5, வெள்ளி

ஆசாரி வந்தார். காற்று வருகிறது.

ஏப்ரல் 22, திங்கள்

மங்காவுக்கு மூணு நாளா ஜுரமாம், இருமலாம். அக்கா தோள்ல போட்டுக்கினு பஸ்ல வந்தாங்க. கண்ணு செவந்து கெடக்குது. இருமறா. என் இருமல் மாதிரியே இருமறா. நான் அனுப்பறதுக்கு முந்தியே குடுத்துட்டேனா? அனுப்பியும் பிரயோஜனம் இல்லையா?

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் குழந்தையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மையத்துக்குப் போனோம். டாக்டர் படம் எடுக்கச் சொன்னார். காது மடலை, வாய்க்குள்ளே எல்லாம் பார்த்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

ஏப்ரல் 23, செவ்வாய்

மணல்வாரி அம்மை!

காலையில் எழுந்து பார்த்தால் முகமெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் போட்டிருக்கிறது. எண்ணூரில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இருந்ததாம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "நெஞ்சு சுத்தமா இருக்கு. நேத்தே சந்தேகப்பட்டேன், சொன்னா நம்பமாட்டீங்கன்னுதான் படம் வரட்டும்னு இருந்தேன்." மணல்வாரி வந்ததற்காகச் சந்தோஷப்பட்ட தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மையத்துப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள்.

அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார். "ராவெல்லாம் அம்மா அம்மான்னுது பவுனு. ஜுரத்துக்கு முந்தியே. ஒண்ணும் துன்னல. உன்னாண்டயே கெடக்கட்டும்" என்றார். அப்புறம், "நானும் இங்கயே வந்துடறேன். நீ மருந்து துன்னு, பொங்கிப் போடறதுக்கு ஆள் வாணாம்?"

மே 9, வியாழன்

அக்கா வந்த நாளிலிருந்து மாத்திரை தப்பிக்க வழியில்லை. எதிரில் உட்கார்ந்துகொண்டு "முயுங்குடி" என்கிறார். முழுங்கினபின் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார்.

சூன் 13, வியாழன்

உடம்பு ஏறியிருக்கிறது. என் ரவிக்கையை நானே பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. இருமல் எப்போது நின்றது? யோசித்துப் பார்த்தால் நினைவில்லை.

இவர் கேட்டார், இனி மாத்திரை எதற்கு என்று. நர்சம்மா குடையால் தரையைத் தட்டிச் சொன்னார்: "நல்லாயிட்ட மாதிரி இருக்கும்போதுதான் லோகநாதா நிறுத்தக் கூடாது. ஒரு வருஷம் முழுசா." இவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

சூலை 18, வியாழன்

சளியில் கிருமி இல்லை. சென்ற மாதமும் இல்லை, இந்த மாதமும் இல்லை.

வீட்டுக்கு வந்து மங்காவை மடியில் உட்கார வைத்தேன். இத்தனை மாதமாக அவளிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசியிருக்கிறேன். இன்று நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினோம். அவளுக்கு என்ன தெரியும்? என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

தீபாவளித் தையல். நேரமில்லை.

1958 பிப்ரவரி 20, வியாழன்

ஒரு வருஷம் முடிந்தது. மாத்திரை நின்றது. மாதாமாதம் வந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மையத்தில் ராஜாத்தியைப் பார்த்தேன். முதலில் அடையாளமே தெரியவில்லை, கன்னம் பூரித்திருந்தது. சானடோரியத்திலிருந்து போன வாரம்தான் வந்தாளாம். நோய் போய்விட்டது அவளுக்கும். "அங்க நல்லாத்தான் பாத்துக்கினாங்கக்கா. பாலு, முட்ட, எல்லாம்" என்றாள். அப்புறம், "புள்ளதான் என்னாண்ட வரமாட்டேங்குது. என் தங்கச்சியத்தான் அம்மான்றான். என்னப் பாத்தா கத்தறான்."

அன்றைக்கு என் வீட்டுக்காரர் அவளுக்கு விழுந்த சீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். நானும் ஒரு நொடி பட்டேன்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வருவான், நீ கூடவே இரு, வந்துடுவான்" என்றேன். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். மங்காவோடு விளையாடட்டும்.

வெள்ளைக்கார டாக்டர் கப்பலேறி ஊருக்குப் போயிருக்கிறாராம். டாக்டர் வேதமாணிக்கம்தான் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். "கணக்கு இன்னும் முடியலை. ஆனா வீட்டுல சாப்பிட்டவங்களும் அங்க போனவங்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குணமாகறாங்க. கூட இருந்த குழந்தைகளுக்கும் பயந்த மாதிரி எதுவும் வரலை. இது நிலைச்சுதுன்னா, கட்டில் இல்லாத நாட்டுல எவனும் கட்டிலுக்குக் காத்திருந்து சாக வேண்டாம். கட்டில் இருக்கற நாட்டுலயும் பெத்தவங்க பிள்ளைகளை விட்டுட்டு வருஷக்கணக்காப் போய்க் கிடக்க வேண்டாம். இதைச் சொல்லத்தான் அவர் போயிருக்கார்."

பஸ்ஸில் இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். என்ன என்றேன். "ஒண்ணுமில்ல. நம்ம ஹார்பர்ல எல்லாமே அங்கேருந்துதான் எறங்கும். இங்கேருந்து இப்பதான் ஒண்ணு ஏறிக்குது."

மே 18, ஞாயிறு

லூயிஸ் நர்சம்மா கூப்பிட்டார் என்று எண்ணூர் பக்கத்துக் குப்பத்துக்குப் போயிருந்தேன். கெங்கம்மா அக்காவும் வந்தார். அவருக்கு அங்கே எல்லோரையும் தெரியும், அதனால் பெண்களை அதட்டி உட்கார வைக்கும் வேலை அவருடையது. நர்சம்மா பேசி முடித்ததும் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நான் கூட்டத்தில் பேசினதே இல்லை. எனக்கு வந்தது, மருந்து சாப்பிட்டேன், போய்விட்டது என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"எந்த ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தே?" என்று ஒருத்தி கேட்டாள்.

"படுக்கல. வூட்லதான் இருந்தேன். தைச்சுக்கினு இருந்தேன்."

நம்பவில்லை, சிரித்தார்கள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாத்துக்கு சிரிக்கறீங்க? நான் கூட இருந்து பாத்தேன். இவளோட கொயந்தைய நானே புடுங்கிக்கினு போனவதான். கேளுங்கடி!" என்று ஒரு அதட்டு. அப்புறம் கேட்டார்கள். மாத்திரை எப்படி இருக்கும், மீன் சாப்பிடலாமா, புருஷன் கூட இருக்கலாமா, குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா. எத்தனை கேள்வி! நர்சம்மாவிடம் கேட்க வெட்கப்பட்டதையெல்லாம் என்னிடம் கேட்டார்கள்.

எல்லோரும் கலைந்தபின் ஒருத்தர் மட்டும் வலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பொன்னுரங்கம் என்று பெயர், கட்டுமரத்தில் போகிறவர். சம்சாரத்துக்கு ஐந்து மாதமாக இருமலாம், குடிசையை விட்டு வெளியே வருவதில்லையாம். தரையைப் பார்த்தபடியே கேட்டார்: "எந்த பஸ்ஸும்மா ஏறணும்?"

பஸ் நம்பரைச் சொன்னேன். எங்கே இறங்க வேண்டும், எந்த வாசல், யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. எனக்கும் அன்றைக்கு ஏறவில்லை.

"காலைல பஸ் ஸ்டாப்புல நில்லுங்கண்ணா. நான் வந்து கூட்டினு போறேன்" என்றேன்.

பேசிக்கொண்டிருந்ததில் கடைசி பஸ் போய்விட்டது. திருவொற்றியூர் வரைக்கும் கடலோரமாகவே நடந்தோம். நர்சம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார், அக்கா வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். கால் வலிக்கிறது. மணலில் நடந்த வலி, வேறொன்றுமில்லை. காலையில் சீக்கிரம் எழ வேண்டும்.